செத்தவன் போனில் இடமில்லை

மேசை மேல் கிடந்த போன் தானாக ஒரு தடவை அதிர்ந்தது. மூன்று பேரும் பேச்சை நிறுத்திவிட்டு அதையே பார்த்தார்கள். மூன்று வாரம் முன்பு கடலில் மூழ்கிச் செத்துப்போன ஹால்வரின் போன் அது.

திரையில் ஒரே ஒரு வரி வந்தது. மெமரி நிரம்பிவிட்டது.

"பாத்தீங்களா," என்றாள் ஹால்வரின் தங்கை யோருன். "நேத்துதான் கொஞ்சம் அழிச்சேன். விடிஞ்சு பாத்தா மறுபடி ஃபுல். அண்ணனே போயாச்சு. இதை யார் ரொப்பறாங்க?"

தோர்மோடுக்கு எந்தக் கேள்விக்கும் நாக்கு நுனியில் ஒரு கிண்டல் தயாராக இருக்கும். இப்போது அவன் குனிந்து அந்த வரியை இன்னொரு தடவை படித்தான். ஜன்னலுக்கு வெளியே கிறிஸ்டியான்சுன் துறைமுகம் மத்தியான வேளையிலேயே விளக்கேற்றிக்கொண்டு நின்றது. நவம்பர் கடைசியில் அந்த வடகோடி ஊரில் பகல் என்பது ஒரு சம்பிரதாயம்தான்.

செருப்புக் கடைக்கு மேலே இருந்த அந்த இரண்டு அறை அலுவலகம் சிக்ரூனுடையது. இன்சூரன்ஸ் கம்பெனியில் எரிந்த வீடுகளையும் தொலைந்த படகுகளையும் விசாரித்துக்கொண்டிருந்தவள், ஐம்பது வயதில் வேலையை உதறிவிட்டுத் தனியாகத் துப்பறிய வந்துவிட்டாள். தோர்மோட் அவளுக்கு உதவியாளன். அதற்கு முன்பு போன் கடை ஒன்றில் இருந்தான். வாடிக்கையாளரைச் சிரிக்க வைத்தே இரண்டு போன் விற்றுவிடுவான் என்று பெயர்.

யோருன் வந்த விஷயத்தைக் கோர்வையில்லாமல்தான் சொன்னாள். சிக்ரூன் குறுக்கே பேசாமல் கேட்டாள். ஹால்வர் கல்யாணம் ஆகாதவன். அவெரய் தீவில் ஸ்கார்விக் என்கிற சிறு குடாவில், தன் படகுக் கொட்டகைக்குப் பக்கத்திலேயே வீடு. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் தங்கை வீட்டுக்குச் சாப்பிட வந்திருக்கிறான். போன் நகரவே மாட்டேன் என்கிறது, அதில் ஏதோ வந்திருக்கிறது, திறந்து பார்க்க முடியவில்லை என்று சொல்லி, யோருனின் கணவன் ஆர்வித் கையில் அவனே கொடுத்தான். ஆர்வித் இந்த மாதிரி விஷயங்களில் கெட்டிக்காரன். அன்றைக்குச் சாப்பாடு முடிந்ததும் உட்கார்ந்து சுத்தம் செய்திருக்கிறான். மறுநாள் காலை போனை வாங்கிக்கொள்ள ஹால்வர் வரவில்லை. படகு குடாவுக்கு வெளியே மூழ்கியது. படகின் அடியில் தண்ணீர் வடிய ஒரு துளை உண்டு. அதை அடைக்கும் தக்கையை மாட்ட மறந்துவிட்டு இறக்கியிருக்கிறான் என்று போலீஸ் எழுதி மூடிவிட்டது.

"முப்பது வருஷமா கடலுக்குப் போறவன் தக்கையை மறப்பானா?" என்றாள் யோருன். "இதை எல்லார்கிட்டயும் கேட்டுட்டேன். எல்லாரும் எனக்குக் காபி ஊத்திக் குடுத்தாங்க."

சிக்ரூன் தன் முன்னால் இருந்த காபிக் கெண்டியைச் சத்தமில்லாமல் ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

தோர்மோட் போனை எடுத்துக்கொண்டான். தொட்டால் அரை நிமிஷம் யோசித்தது. ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போவதற்குள் அவன் ஒரு பிஸ்கட்டைத் தின்று முடித்தான்.

"எங்க நகராட்சி ஆபீஸ்கூட இதைவிட வேகம்," என்றான்.

"உன் சித்தப்பா அங்கதானே இருக்கார்?" என்றாள் சிக்ரூன்.

"அவரை வெச்சுத்தான் சொல்றேன் பாஸ்."

எது எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறது என்று காட்டும் பக்கம் ஒருவழியாகத் திறந்தது. சிக்ரூன் நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். ரேடியோ தொடர்கள் மூட்டை மூட்டையாக இருந்தன. வடக்குக் கடற்கரை முழுவதற்குமான வரைபடங்கள். யாரும் ஆடாத சதுரங்க ஆட்டம் ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலே, பூதம் போல ஒரே ஒரு வீடியோ: ஒரு முழுக் கால்பந்து ஆட்டம். போனின் கால்வாசி அதுவே.

அது தன் மகன் ஏலியாஸ் ஆடிய ஆட்டம் என்றாள் யோருன். ஹால்வர் கோட்டுக்கு வெளியே நின்று எடுத்தது. தொண்டை கிழியக் கத்தியிருக்கிறான். சாதாரணமாக அவன் வாயைத் திறக்கிற ஆளே இல்லை. போனில் பேசினால்கூட ம், சரி, இதற்கு மேல் வராது. அவன் குரல் என்று மிச்சம் இருப்பது அந்த வீடியோவில் மட்டும்தான்.

"ஆர்வித் என்னென்ன அழிச்சார்னு தெரியுமா?" சிக்ரூன் கேட்டாள்.

யோருனுக்குத் தெரியவில்லை. வேண்டாத படங்களை எடுத்துவிட்டேன் என்று மட்டும் சொன்னானாம். கேட்டுச் சொல்கிறேன் என்று தன் சொந்தப் போனை எடுத்து அவனுக்கு ஏதோ எழுதினாள்.

சிக்ரூன் படங்களைத் தேதி வாரியாகத் தள்ளிக்கொண்டே போனாள். செப்டம்பர் இருந்தது. அக்டோபர் முதல் வாரம் இருந்தது. கடைசி இரண்டு வாரமும் இருந்தன. நடுவில் ஒரு வாரம் மட்டும் வாயிலிருந்து விழுந்த பல் மாதிரி காணாமல் போயிருந்தது. அழித்தவை போய்ச் சேரும் குப்பைத் தொட்டியைத் திறந்தாள். அது துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

பிறகு போனைப் பார்த்தபடியே, தோர்மோடிடம் சொல்வது போல, யோருனுக்குக் கேட்கும்படி சொன்னாள்.

"போன்ல இடம் வேணும்னு நினைக்கிறவன் பெருசைத் தேடிப் பிடிச்சு அழிப்பான். தேதி பாத்து அழிக்கிறவனுக்கு இடம் வேண்டாம். அவனுக்கு வேற ஏதோ வேணும்."

யோருனின் முகத்தில் முதலில் கோபம்தான் வந்தது. மகன் ஆடிய ஆட்டம் என்பதால் அதை ஆர்வித் தொட்டிருக்க மாட்டான் என்றாள். சரி, அந்த ரேடியோ தொடர்கள் என்று கேட்டாள் சிக்ரூன். அந்தச் சதுரங்கம்? கெட்டிக்காரன் ஒருவன் ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து சுத்தம் செய்தும் போன் ஏன் இன்னும் எறும்பு மாதிரி ஊர்கிறது?

அதற்குள் தோர்மோட் மெதுவாகச் சீட்டியடித்தான்.

"ரொப்பறது யாருன்னு தெரிஞ்சிடுச்சு," என்றான். "நீர்நாய்."

நிஜமாகவே நீர்நாய்தான். முகப்பில், மான் கொம்பு படம் போட்ட ஒரு சின்ன ஆப் இருந்தது. வேட்டைக்குப் போகிற எவன் போனிலும் அப்படி ஒன்று இருக்கும். ஆர்வித் அதைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டான். உள்ளே போனால், மரத்தில் கட்டி வைக்கிற கேமரா ஒன்றிலிருந்து வந்த வீடியோக்கள் வரிசையாகக் கிடந்தன. எதிரே ஏதாவது அசைந்தால் தானாகப் பிடிக்கும் கேமரா. ஒரு மரத் துறை, ஒரு சிவப்புக் கொட்டகை, தூக்கி வைத்த படகு. அதன் மேல் ஒரு நீர்நாய் பெரிய மனிதர் தோரணையில் உட்கார்ந்து மீன் தின்றுகொண்டிருந்தது.

"இது ஸ்கார்விக்," என்றாள் யோருன். "எங்க அண்ணன் கொட்டகை. அங்க கேமரா இருக்குன்னு எனக்குத் தெரியாதே."

தோர்மோட் விளக்கினான். இது மலிவான ரகம். எடுத்ததைத் தன் கார்டில் அடுக்கி வைத்துக்கொண்டு, பழையதிலிருந்து ஒவ்வொன்றாக நேரே போனுக்கு அனுப்பும். போனில் இடமில்லை என்றால் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருக்கும். யோருன் கொஞ்சம் கொஞ்சமாக அழித்தபோதெல்லாம் அந்த இடத்துக்கு வரிசையில் அடுத்ததாக இருந்த நீர்நாய் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. ஹால்வர் செத்த பிறகும் கேமரா தன் வேலையை நிறுத்தவில்லை.

"அப்போ அந்த ஞாயித்துக்கிழமை காலைல எடுத்தது?" சிக்ரூன் கேட்டாள்.

"கேமராலதான் இருக்கு. இன்னும் வரிசைல நிக்குது."

"வரச் சொல்லு."

தோர்மோட் வேலையில் இறங்கினான். சதுரங்கம் போயிற்று. வரைபடங்கள் போயின. ரேடியோ தொடர்களை ஒவ்வொன்றாக அழித்தான். ஒவ்வொன்றுக்கும் போன், நிச்சயம்தானா என்று கேட்டது. நீ எனக்கு அப்பனா என்று அவன் பதில் சொன்னான். காலியான இடத்தில் வீடியோக்கள் வந்து இறங்க ஆரம்பித்தன. கடல் காக்கை. நீர்நாய். மழை. மறுபடி நீர்நாய். பிறகு, அந்தச் சனிக்கிழமை வந்தது.

மங்கலான மத்தியான வெளிச்சத்தில் ஹால்வர் படகின் பின்பக்கம் குனிந்து நின்றான். கம்பளித் தொப்பி, ஒட்டுப் போட்ட முழங்கை. கையில் இருந்த சின்ன உருண்டையைத் துளையில் வைத்துத் திருகினான். இரண்டு தடவை இழுத்துப் பார்த்தான். மேலே பலகையைப் போட்டு மூடிவிட்டு, கேமரா இருந்த பக்கம் திரும்பாமலேயே நடந்து போனான்.

யோருன் கையை வாயில் வைத்துக்கொண்டாள். விரல்களுக்கு நடுவிலிருந்து வார்த்தை வந்தது.

"தக்கையை மாட்டிட்டான். முந்தின நாளே மாட்டி வெச்சிட்டான்."

அடுத்த வீடியோவின் பெயரில் ஞாயிறு விடியற்காலை என்று இருந்தது. அதன் கீழே, சிவப்பு எழுத்தில்: போதிய இடமில்லை. இருட்டில் எடுத்த நீளமான வீடியோ அது. அழிக்கக்கூடியது என்று போனில் அநேகமாக எதுவும் மிச்சமில்லை.

அப்போதுதான் யோருனின் சொந்தப் போன் மணியடித்தது. ஒரு செய்தி. அவள் படித்தாள். படித்துவிட்டுப் புரியாதவள் போல நிமிர்ந்தாள்.

"ஆர்வித். எந்தக் கேமரான்னு கேக்கறான்."

கேமரா பற்றி அவருக்கு எப்படித் தெரியும் என்று சிக்ரூன் நிதானமாகக் கேட்டாள். நீர்நாய் வந்தபோது நான்தான் எழுதினேன் என்றாள் யோருன். அண்ணன் கொட்டகையைப் பார்த்தபடி ஒரு கேமரா இருக்கிறதாம், உனக்குத் தெரியுமா என்று. அவளுடைய வீட்டுக்காரன். எதையும் அவனிடம் சொல்லித்தானே பழக்கம்.

இன்னொரு செய்தி வந்தது. இதை அவள் சத்தமாகப் படிக்கவில்லை. போனைத் திருப்பி மேசைமேல் வைத்தாள். ஸ்கார்விக் பக்கத்தில்தான் இருக்கேன். போய்ப் பாத்துட்டு வரேன்.

ஆர்வித் வேலை பார்க்கும் மீன் பண்ணை அந்தக் குடாவின் மறுகரை. இங்கிருந்து கடலடிச் சுரங்கம் தாண்டி அங்கே போவதற்குள் அவன் கேமராவைக் கழற்றித் தண்ணீரில் போட்டுவிட்டு வீட்டுக்கே போயிருப்பான். சிக்ரூன் அதற்குள் எழுந்து பக்கத்து அறைக்குப் போய்ப் போலீசோடு பேசிக்கொண்டிருந்தாள். குரலை உயர்த்தாமல், ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவெரய் பக்கம் ஒரு வண்டி இருக்கிறது, அனுப்புகிறோம் என்று சொன்னார்களாம். எப்போது போய்ச் சேரும் என்று சொல்லவில்லை.

"அக்டோபர்ல அவங்க பண்ணைல சால்மன் கொத்துக் கொத்தா செத்துச்சு," என்றாள் யோருன், யாரையும் பார்க்காமல். "ஒழுங்கா கணக்குல காட்டி அப்புறப்படுத்தினோம்னு ஆர்வித் சொன்னான். அண்ணன் மட்டும் தன் துறைல பொண நாத்தம் அடிக்குதுன்னு சொல்லிட்டே இருந்தான். யாரோ ராத்திரில படகு கொண்டு வராங்கன்னான். அந்த வாரம்தான் கேமரா கட்டியிருப்பான்."

காணாமல் போன அந்த வாரம். துறையில் ஒதுங்கிய செத்த மீனை ஹால்வர் அப்போது படம் எடுத்திருப்பான். சிக்ரூன் தலையை மட்டும் அசைத்தாள். தன் துறையில் யார் செத்த மீனைக் கொட்டுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளக் கேமரா கட்டியவன், வீடியோ திறக்கவில்லை என்று போனைக் கொண்டுபோய் கொட்டிய ஆர்வித் கையிலேயே கொடுத்திருக்கிறான். போன் கொஞ்சம் வேகமாக இருந்திருந்தால் ஹால்வர் இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பான். இதைத் தோர்மோட் நினைத்தான், சொல்லவில்லை.

அவன் சொல்ல வேண்டியது வேறு.

"இடம் வேணும்," என்றான் கடைசியில். "பெருசா ஒண்ணுதான் மிச்சம் இருக்கு."

கால்பந்து ஆட்டம்.

வேறு எங்காவது எடுத்து வைக்க முடியாதா என்று யோருன் கேட்டாள். முடியும், ஆனால் இந்தப் போன் இருக்கிற நிலைமையில் சாயங்காலம் ஆகிவிடும் என்றான். அழித்தால் குப்பைத் தொட்டியில் இருக்குமே, அப்புறம் எடுத்துக்கொள்ளலாமே என்றாள். அதற்குப் பதில் சொல்வது இன்னும் கஷ்டமாக இருந்தது. தொட்டியில் கிடக்கிற வரைக்கும் அது இடத்தை விடாது. தொட்டியையும் காலி செய்தால்தான் இடம். காலி செய்தால் திரும்ப வராது.

யோருன் போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அந்த வீடியோவின் சின்னப் படத்தில் பச்சைப் புல்லும் யாரோ ஒருவனின் பாதித் தோளும் தெரிந்தன.

"ஒரே ஒரு தடவை கேட்டுக்கட்டுமா?"

அதைத் திறக்கவே சில நிமிஷம் ஆகும். அவன் சிக்ரூனைப் பார்த்தான். சிக்ரூன் ஜன்னலைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லும் உரிமை தங்கள் இரண்டு பேருக்கும் இல்லை என்று அவள் நினைத்திருக்க வேண்டும்.

யோருன் அவர்கள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். அவளே அழுத்தினாள். தொட்டியைத் திறந்து மறுபடி அழுத்தினாள். நிரந்தரமாக அழிக்கவா என்று போன் கேட்டது. அவள் விரல் திரைமேல் ஒரு கணம் தொங்கியது. பிறகு இறங்கியது.

சிவப்பு எழுத்து மறைந்தது. ஒரு மெல்லிய கோடு இடமிருந்து வலமாக நகர ஆரம்பித்தது. நகர்ந்தது, நின்றது, நகர்ந்தது. பாதி தாண்டி மறுபடி நின்றது. ஸ்கார்விக்கில் ஒருவன் மரம் மரமாக அண்ணாந்து பார்த்துக்கொண்டு நடப்பது தோர்மோடின் கண்ணுக்குள் தெரிந்தது. கோடு மறுபடி அசைந்து கரையைத் தொட்டது.

சிக்ரூன் முதலில் அதைக் கம்ப்யூட்டருக்கு அனுப்பச் சொன்னாள். பிறகுதான் பார்த்தார்கள்.

சாம்பல் நிற இருட்டு. படகின் பின்பக்கம் ஒருவன் மண்டியிட்டிருந்தான். மீன் பண்ணை ஆட்கள் போடும் தடித்த உடுப்பு. பலகையை நகர்த்தினான். அவன் தோள் திருகுவது தெரிந்தது. எழுந்து நின்று, கையில் எடுத்ததைச் சட்டைப் பையில் போட்டு, பலகையைப் பழையபடியே பொருத்தினான். ரொம்பப் பொறுமையாக, ஒரு மேசையைத் துடைத்து வைப்பவன் போல. போவதற்கு முன் வீட்டுப் பக்கம் திரும்பினான். அங்கே ஜன்னலில் விளக்கு எரிந்திருக்க வேண்டும். அந்த வெளிச்சம் அவன் முகத்தில் விழுந்தது.

யோருன் அழவில்லை. அவள் அந்த முகத்தை, தெருவில் கடந்து போகும் யாரோ ஒருவரை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று பார்ப்பது போலப் பார்த்தாள்.

"அன்னிக்குக் காலைல ஆர்வித் எனக்கு முன்னாடியே எந்திரிச்சு வாஃபிள் பண்ணி வெச்சிருந்தான்," என்றாள்.

வரிசையில் அடுத்த வீடியோ வர ஆரம்பித்து, பாதியில் நின்றது. திரையில் புதிதாக ஒரு வரி. கேமராவுடன் தொடர்பு இல்லை.

கண்டுபிடித்துவிட்டான்.

தோர்மோட் அதை வாய்விட்டுச் சொல்வதற்கு முன் யோருனின் போன் அடித்தது. செய்தி இல்லை, அழைப்பு. ஆர்வித் என்ற பெயரும், எங்கேயோ மலை உச்சியில் அவன் சிரிக்கிற படமும். எடுக்க வேண்டாம் என்று தோர்மோட் கையை நீட்டினான். சிக்ரூன் அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். யோருனைப் பார்த்து, உங்கள் இஷ்டம் என்கிற மாதிரி தலையசைத்தாள்.

யோருன் தொண்டையைச் சரி செய்துகொண்டு எடுத்தாள். அவன் பேசியது அவர்களுக்குக் கேட்கவில்லை. இவள் பேசியது மட்டும் கேட்டது. தினமும் கடையிலிருந்து என்ன வாங்கி வர என்று கேட்கும் அதே குரல்.

"இல்ல, ஒண்ணும் கிடைக்கல. வெறும் நீர்நாய்தான்... கேமராவா? கழட்டிட்டியா, சரி... ஆமா, அவங்களும் கைவிட்டுட்டாங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "ஆர்வித், நான் அங்கயே வரட்டுமா? அண்ணன் கொட்டகையை ஒரு தடவை பாக்கணும் போல இருக்கு. தனியா பாக்க முடியாது. நீ கூட இரு... குளுருது, உள்ள போய் உக்காரு. நான் வர வரைக்கும் எங்கயும் போகாதே."

வைத்தாள். போனைத் திரை கீழே இருக்கும்படி கவிழ்த்தாள்.

சிக்ரூன் போலீஸ் எண்ணை மறுபடி அழுத்திக்கொண்டே, அவர் இருப்பாரா என்று கேட்டாள்.

"இருப்பான்," என்றாள் யோருன். "நான் வரேன்னு சொன்னா ஆர்வித் எப்பவும் காத்திருப்பான்."